மஞ்சள் கண்ணில் தெரியும்... நோய் வேறு இடத்தில் இருக்கலாம்!
கல்லீரலைக் கெடுக்கும் பிற நோய்கள்

நெல் இலை மஞ்சளாகிவிட்டால், அனுபவமுள்ள விவசாயி உடனே யூரியா மூட்டையைப் பிரிப்பதில்லை. வயலில் இறங்கி ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பார்ப்பார். தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கலாம், துத்தநாகச் சத்து குறைந்திருக்கலாம், பூச்சி தாக்கியிருக்கலாம். காரணம் தெரிந்த பிறகுதான் மருந்து. ஆனால், அதே விவசாயியின் கண் மஞ்சளாகும்போது மட்டும் வீட்டில் ஒரே முடிவுதான்: ‘காமாலை. மந்திரிச்சு, வேர் கட்டி, பத்தியம் இருந்தா போயிடும்.’

பல நேரங்களில் போய்விடவும் செய்கிறது. போகாதபோதுதான் சிக்கல். ஏனென்றால், கண்ணில் தெரியும் மஞ்சள் ஓர் அறிகுறிதான். அது கல்லீரலிலேயே தொடங்கிய நோயாக இருக்கலாம். இதயம், சர்க்கரை, காசநோய், வயல் சேற்றில் இருந்த கிருமி என்று வேறு எங்கோ தொடங்கிக் கல்லீரலை வந்து தாக்கியதாகவும் இருக்கலாம். இந்த இரண்டாவது வகையில், மூல நோயைக் கண்டுபிடிக்காமல் கல்லீரலுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் நாள் கடக்கும், நோய் முற்றும்.

கே.கே. நகர் வரை வரும் விவசாயக் குடும்பங்கள்

சென்னை கே.கே. நகரில், அசோக் பில்லர் சாலையில் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் நடத்தும் மருத்துவமனை இது. ‘ஆலைத் தொழிலாளிகளுக்கான இடம், விவசாயிக்கு இங்கே என்ன வேலை?’ என்று தோன்றலாம். ஆனால், ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள் தொழிலாளியின் மனைவி, பிள்ளைகளோடு, அவரைச் சார்ந்திருக்கும் தாய், தகப்பனும் அடக்கம். பெற்றோரின் வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் எத்தனையோ கிராமங்களில் இருக்கிறார்கள். 2017 ஜனவரி முதல், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இந்தத் திட்டத்துக்குள் வருகிறார்கள். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவிகிதமும், முதலாளியிடமிருந்து 3.25 சதவிகிதமும் பிடிக்கப்படுகிறது. மாதாமாதம் மகனின் சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டும் அந்தச் சிறிய தொகை, ஊரில் கடலை போடும் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் என்பது பல வீடுகளில் தெரிவதே இல்லை.

அப்படி ஓர் அப்பா வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வயது 58. ஒன்றரை ஏக்கர் மானாவாரி. இரண்டு மாதமாகக் கண்ணில் லேசான மஞ்சள், வயிறு உப்பல், காலில் வீக்கம். ஊரில் காமாலை என்று சொல்லி, உப்பில்லாப் பத்தியமும் கீழாநெல்லியும் மூன்று வாரம் நடந்திருக்கிறது. முதல் வாரம் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ‘மருந்து பிடிக்குது’ என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பத்தியம் முடிந்து பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் வீக்கம் முன்பைவிட அதிகம்.

மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கழுத்தைப் பார்க்கிறார். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது.

“ஐயா, நேரா படுத்தா மூச்சு வாங்குதுங்களா?”

“ஆமாங்க டாக்டர். ரெண்டு தலகாணி வச்சாத்தான் தூக்கம். அது வயசுக் கோளாறுன்னு விட்டுட்டேங்க.”

எக்கோ பரிசோதனையில் இதயம் பலவீனமாகச் சுருங்குவது தெரிகிறது. மஞ்சளுக்கும் வயிற்று நீருக்கும் காரணம் இதயம். பத்தியத்தில் வீக்கம் வடிந்தது, உப்பைக் குறைத்ததால் உடம்பில் தேங்கிய நீர் கொஞ்சம் இறங்கியதால்தான். நோய் அப்படியே இருந்தது.

மடை அடைத்தால் வயல் நிரம்பும்

ஒன்றரைக் கிலோ அளவுக்கு எடையுள்ள கல்லீரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் வந்து போகிறது. இதில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து நேரே வரும் ரத்தம். சாப்பிட்ட உணவின் சத்து, விழுங்கிய மருந்து, குடலிலிருந்து தப்பி வந்த கிருமி எல்லாம் முதலில் கல்லீரலைக் கடந்துதான் போக வேண்டும். பிறகு அந்த ரத்தம் இதயத்தின் வலப்பக்கத்துக்குப் போகிறது. உடம்பில் எங்கே கோளாறு என்றாலும் கல்லீரலுக்கு ஏதோ ஒரு வழியில் தொடர்பு இருப்பது இதனால்தான்.

வடிகாலை அடைத்தால் மேல் வயலில் தண்ணீர் தேங்கும். இதயம் ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாமல் திணறினால், கல்லீரலில் ரத்தம் தேங்கும். கல்லீரல் வீங்கும், வலது விலா எலும்புக்குக் கீழே கனமாக வலிக்கும், நாள்பட்டால் தழும்பு விழுந்து இறுகும். வாத இதய நோயால் வால்வு கெட்ட இளம்பெண்கள், மாரடைப்புக்குப் பிறகு இதயம் பலவீனமானவர்கள், நாள்பட்ட ஆஸ்துமா, புகைப் பழக்கத்தால் நுரையீரல் கெட்டவர்கள் ஆகியோருக்கு இது வரலாம்.

இதில் தவறவிடக் கூடாத ஒரு நோய் உண்டு. காசநோய் இதயத்தைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கி, அது இறுகிப்போவது. பார்ப்பதற்கு அப்படியே கல்லீரல் சுருக்க நோய் போலவே இருக்கும்: மகோதரம், கால் வீக்கம், உடல் மெலிவு. கழுத்து நரம்பு புடைத்திருப்பதைக் கவனித்து எக்கோ, ஸ்கேன் எடுத்தால்தான் பிடிபடும். உரிய நேரத்தில் கண்டுபிடித்து அந்த உறையை அறுவை சிகிச்சையில் நீக்கினால், ‘ஈரல் போய்விட்டது’ என்று கைவிடப்பட்டவரும் எழுந்து நடமாட முடியும்.

சேற்றிலிருந்து வரும் காமாலை

விவசாயிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலி, மாடு, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறி, தேங்கிய நீரிலும் சேற்றிலும் உயிரோடு இருக்கும். காலில் இருக்கும் சிறு கீறல், சேற்றுப்புண், பித்தவெடிப்பு வழியாக உடம்புக்குள் நுழையும். பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களில் காய்ச்சல் தொடங்கும். கண் சிவக்கும், கெண்டைக்கால் தொட முடியாத அளவுக்கு வலிக்கும். சிலருக்கு அடுத்த சில நாள்களில் கண் மஞ்சளாகி, சிறுநீர் குறையும். இந்தக் கடுமையான வடிவத்தை 1886-ல் ஜெர்மனியின் அடால்ஃப் வைல் என்ற மருத்துவர் விவரித்தார். அதற்குக் காரணமான கிருமியை 1915-ல் ஜப்பானில் இனாடா, இடோ ஆகியோர் கண்டறிந்தனர்.

இது தொலைதூர நாட்டுக் கதை அல்ல. சென்னையில் மருத்துவர் எம்.ஏ. முத்துசேதுபதி, மருத்துவர் எஸ். சிவகுமார் உள்ளிட்ட குழுவினர் எலிக்காய்ச்சல் நோயாளிகளை ஆராய்ந்து 1995-ல் கட்டுரை வெளியிட்டனர். எலிக்காய்ச்சலைக் கணிக்க ஏற்கெனவே இருந்த மதிப்பெண் முறையை, இந்தியச் சூழலுக்கு ஏற்ப 2004-ல் சிவகுமார் திருத்தி அமைத்தார். அதில் காய்ச்சல், தசைவலி, மஞ்சள் ஆகியவற்றோடு மழை பெய்ததா, அசுத்த நீரில் நின்றாரா, விலங்குகளோடு பழகினாரா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அதாவது, ‘போன வாரம் நடவுக்கு வயல்ல இறங்கினேன்’ என்று நோயாளி சொல்லும் ஒரு வரி, ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்கு இணையாக உதவுகிறது.

இன்னொரு குறிப்பும் மருத்துவருக்கு உதவும். சாதாரண வைரஸ் காமாலையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற அளவுகள் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் ஏறும். எலிக்காய்ச்சலில் பிலிருபின் வெகுவாக ஏறியிருந்தாலும், அந்த அளவுகள் ஓரளவே ஏறியிருக்கும். பென்சிலின், டாக்ஸிசைக்ளின் போன்ற பழைய, விலை குறைந்த மருந்துகளிலேயே குணப்படுத்த முடியும். ஆனால், சிறுநீரகம் கெடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். இங்கேதான் மூன்று வாரப் பத்தியம் உயிருக்கு உலை வைக்கிறது.

புதர், வரப்பு, புல்வெளிகளில் இருக்கும் நுண்ணிய பூச்சிகளின் இளம் பருவம் கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சலும் இதே போன்றதுதான். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அடுத்து வரும் குளிர் மாதங்களிலும் அதிகம் தென்படும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்பின் அடியில் என்று மறைவான இடங்களில் இருப்பதால், நோயாளியே கவனித்திருக்க மாட்டார். காய்ச்சலோடு கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தால், வீட்டிலுள்ளவர்கள் உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்துச் சொல்வது பெரிய உதவி. டெங்கு, மலேரியா, டைபாய்டு காய்ச்சல்களிலும் கல்லீரல் பாதிக்கப்படும்.

சத்தமில்லாமல் வேலை செய்யும் சர்க்கரை

காய்ச்சல்கள் சில நாள்களில் செய்வதைச் சர்க்கரை நோய் பல ஆண்டுகளில் செய்கிறது. மது வாசனையே அறியாத பெண்களுக்கும் ‘ஈரல் சுருங்கிவிட்டது’ என்று மருத்துவர் சொல்லும்போது குடும்பமே அதிர்ந்துபோகிறது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கல்லீரலில் படியும் கொழுப்பு. சர்க்கரை நோய், தொப்பை, ரத்தத்தில் கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம் இவற்றோடு கைகோத்து வருவது இது. சிலருக்கு வீக்கமாகி, தழும்பாகி, கடைசியில் சுருக்க நோயில் முடியும். பல ஆண்டுகளுக்கு ஒரு வலியும் தெரியாது.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வந்தன. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணித்தது. கல்லீரல் கொழுப்பு நோயை, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் 2021 பிப்ரவரியில் மத்திய அரசு சேர்த்தது.

இதில் நல்ல செய்தி, தொடக்க நிலையில் கல்லீரல் மீண்டுவிடும் என்பதுதான். அதிக எடை உள்ளவர்கள் 7 முதல் 10 சதவிகிதம் எடையைக் குறைத்தாலே கல்லீரல் வீக்கம் குறையும். 70 கிலோ இருப்பவருக்கு அது 5 முதல் 7 கிலோ. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி மாநிலம் முழுக்க நடக்கிறது. வரும் பணியாளரிடம் மாத்திரை வாங்குவதோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனை பற்றியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஓர் எச்சரிக்கை: காமாலை என்றதும் கரும்புச்சாறும் குளுக்கோஸும் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு அது ஆபத்து.

காசநோய் மாத்திரையும் கல்லீரலும்

காசநோய்க்கு மருத்துவமனையில் படுக்கவைக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950-களின் இறுதியில் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வுதான். 1956-ல் தொடங்கப்பட்ட அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

அந்த மாத்திரைகளில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். பசி சுத்தமாகப் போவது, வாந்தி, சிறுநீர் டீ டிக்காக்‌ஷன் நிறத்தில் போவது, கண் மஞ்சள் ஆகியவை அடையாளங்கள். அப்படித் தெரிந்தால், அடுத்த வேளை மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே, அன்றைக்கே காசநோய்ப் பிரிவில் காட்ட வேண்டும். மருத்துவர் மாத்திரையை நிறுத்தி, கல்லீரல் தேறிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். இரண்டு தவறுகள் கூடாது. மஞ்சளோடு மாத்திரையைத் தொடர்வது ஒன்று. பயந்து மாத்திரையையே மொத்தமாக விட்டுவிடுவது இன்னொன்று. முதலாவது கல்லீரலைக் கெடுக்கும். இரண்டாவது, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயை உண்டாக்கும்.

கீழாநெல்லி என்ன செய்யும்?

வரப்பில் தானாக முளைக்கும் கீழாநெல்லியை அறிவியல் ஒதுக்கிவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ்-பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள்கள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், பிறகு மற்ற நாடுகளில் செய்த ஆய்வுகளில் இந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை.

ஊரில் கீழாநெல்லிக்கு இருக்கும் நற்பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ்-ஏ, ஹெபடைடிஸ்-ஈ காமாலைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டாலும் பெயர் அதற்குப் போகும். எந்தக் காமாலை என்று தெரிந்துகொண்டு, மருத்துவருக்கும் சொல்லிவிட்டு, சித்த மருத்துவரின் மேற்பார்வையில் சாப்பிடுவது வேறு. காரணமே தெரியாமல் அதை மட்டும் நம்பி நாளைக் கடத்துவது வேறு. இதயம் பலவீனமானவருக்கும் எலிக்காய்ச்சல் வந்தவருக்கும் அந்த நாள்கள் திரும்பக் கிடைக்காது. கையில் சூடு போடுவதும், கண்ணிலும் மூக்கிலும் சாறு பிழிவதும் எந்த வகைக் காமாலைக்கும் உதவாது, புண்தான் மிச்சம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவருக்கு ஒரு நோயாளியோடு கிடைப்பது சில நிமிடங்கள்தான். கே.கே. நகராக இருந்தாலும், மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்தாலும், கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால் பாதி வேலை முடிந்தது.

* கடந்த ஒரு மாதத்தில் செய்த வேலை: சேற்றில் இறங்கியது, கால்வாய் தூர்வாரியது, மருந்து தெளித்தது, மாட்டுக்குப் பிரசவம் பார்த்தது.
* முதலில் வந்தது காய்ச்சலா, மஞ்சளா, வீக்கமா? எந்தத் தேதியில்?
* ஏற்கெனவே உள்ள நோய்கள்: சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், தைராய்டு, காசநோய்.
* சாப்பிடும் எல்லா மருந்துகளும்: மாத்திரை அட்டை, சூரணம், லேகியம், மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கியது உட்பட.
* மது எவ்வளவு, எத்தனை வருடமாக? இதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.
* படுத்தால் மூச்சு வாங்குகிறதா? மலம் கறுப்பாகவோ, வெளுத்தோ போகிறதா? உடம்பு அரிக்கிறதா?

உளறல், பகலில் எழுப்ப முடியாத தூக்கம், ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், சிறுநீர் குறைவது, மூச்சுத்திணறல், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று மஞ்சளோடு சேர்ந்து இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்... பதில்கள்

கேள்வி: வலது பக்க விலாவுக்குக் கீழே கடுமையான வலி, மாலையில் காய்ச்சல். ஆனால் கண்ணில் மஞ்சள் இல்லை. ஈரல் நோயாக இருக்குமா?

இருக்கலாம். குடலில் அமீபா கிருமி இருந்தால், அது ரத்தம் வழியாக ஏறி ஈரலில் சீழ்க்கட்டியை உண்டாக்கும். இதில் பலருக்கு மஞ்சள் தெரியாது. கள், சாராயம் குடிக்கும் ஆண்களிடம் அதிகம். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் மருந்திலேயே குணமாகும். கட்டி பெரிதாக இருந்தால் ஊசி மூலம் சீழை எடுப்பார்கள். மருந்து சாப்பிடும் நாள்களில் மது கூடவே கூடாது.

கேள்வி: ஏழு மாத கர்ப்பிணி மகளுக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது. பத்தியம் இருந்தால் போதுமா?

போதாது. அன்றைக்கே மகப்பேறு வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஹெபடைடிஸ்-ஈ கிருமி மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கும். கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றினாலும் கல்லீரல் பாதிக்கப்படும். இரண்டிலும் தாய், சேய் இருவருக்கும் ஆபத்து.

கேள்வி: 12 வயதுப் பையனுக்கு இரண்டு வருடத்தில் இரண்டு முறை காமாலை வந்துவிட்டது. சொந்தத்தில் செய்த கல்யாணம். சம்பந்தம் உண்டா?

உண்டாக இருக்கலாம். வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. உடம்பில் சேரும் தாமிரத்தை வெளியேற்ற முடியாமல், அது ஈரலிலும் மூளையிலும் படியும் பரம்பரை நோய். கை நடுக்கம், பேச்சுக் குழறல், படிப்பில் பின்தங்குவது ஆகியவையும் சேரலாம். ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையோடு கண் பரிசோதனையும் செய்வார்கள். மருந்தை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டால் கட்டுக்குள் வைக்கலாம். உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும்.

கேள்வி: பண்ணையில் பசு கன்று வீசிவிட்டது. அதனால் மனிதருக்கு ஈரல் நோய் வருமா?

வர வாய்ப்புண்டு. கன்று வீச்சுக்குக் காரணமான புருசெல்லா, லெப்டோஸ்பைரா கிருமிகள் இரண்டும் மனிதருக்கும் தொற்றும். வெறும் கையால் நஞ்சுக்கொடியைத் தொடக் கூடாது. கையுறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்க வேண்டும். பாலைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் சொல்லிக் காரணத்தைக் கண்டறிய வேண்டும். 4 முதல் 8 மாத வயதுக் கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி போடலாம்.

கேள்வி: காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் எத்தனை சாப்பிடலாம்?

ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. மது அருந்துபவர், மெலிந்தவர், ஈரல் நோய் உள்ளவருக்கு மருத்துவர் அதைப் பாதியாகக் குறைப்பார். சளி மருந்து, உடம்புவலி மாத்திரைகளிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

செலவுக்கு என்ன வழி?

பிள்ளை ஈ.எஸ்.ஐ.யில் இருந்தால், பெற்றோரின் பெயர் அவருடைய காப்பீட்டுப் பதிவில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று நோய் வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அவசரம் இல்லாத நேரத்தில் முதலில் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டினால், அங்கிருந்து கே.கே. நகர் போன்ற மருத்துவமனைக்கு எழுதிக்கொடுப்பார்கள்.

ஈ.எஸ்.ஐ. இல்லாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஹெபடைடிஸ்-பி, சி கிருமிகளுக்கான பரிசோதனையும் மருந்தும் 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சந்தேகம் இருந்தால் 104 எண்ணில் கேட்கலாம்.

இந்தப் பட்டத்தில் நடவுக்கு இறங்கும் முன் காலில் வெடிப்பு, புண் இருந்தால் ஆறும்வரை ரப்பர் பூட்ஸ் போடாமல் சேற்றில் கால் வைக்க வேண்டாம். வைத்த பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் ‘வயலில் நின்றேன்’ என்று சொல்லிவிட வேண்டும்.